டைம்ஷீட்டில் ஏறாத மணிநேரங்கள்: மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும், அவர்கள் தரும் அறிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். தொழிற்சங்கப் பொறுப்பு எதிலும் இல்லை, பொருளாதாரம் படித்ததும் இல்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை என் குழுவினரின் டைம்ஷீட்டைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. வேலை நேரத்தைப் பற்றி உங்களிடம் பேச அந்த ஒரு தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

அந்தத் திரையை நீங்கள் அநேகமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 8 என்று நிரப்ப வேண்டும். 9 போட்டால் சிவப்பில் ஓர் எச்சரிக்கை எழும்: முன் அனுமதி உண்டா? அனுமதிக்கு ஒரு படிவம், படிவத்துக்கு ஒரு காரணம், காரணத்துக்கு மேலாளருக்கும் மேலே இருப்பவரின் சம்மதம். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. இரவு பதினொன்றரைக்கு சர்வர் விழுந்து, இரண்டு மணிவரை உட்கார்ந்து அதை எழுப்பிவிட்டவரும் 8 என்றுதான் போடுகிறார். மறுநாள் காலை ஒன்பதரை மணி மீட்டிங்கிலும் அவர் இருக்கிறார். சனிக்கிழமைக்குக் கட்டமே கிடையாது. ஆகவே சனிக்கிழமை யாரும் வேலை பார்ப்பதில்லை என்பதுதான் ஆவணப்படி உண்மை.

இந்த எட்டுகளெல்லாம் கூட்டப்பட்டு, சராசரி வார வேலை நேரம் 40 மணி என்ற அழகான வரைபடமாக உங்கள் மேசைக்கு வந்து சேர்கின்றன. இன்னொரு பக்கம் வருடாந்தரக் கருத்துக்கணிப்பில் ஊழியர்கள் களைத்துப்போயிருக்கிறோம் என்கிறார்கள். 40 மணி நேரத்துக்கே இவ்வளவு அலுப்பா என்று உங்களுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. சரி, இவர்களுக்கு நேரத்தை நிர்வகிக்கத் தெரியவில்லை போலும் என்று முடிவுகட்டுகிறீர்கள். அப்புறம் அந்த மின்னஞ்சல் வருகிறது: வேலை, வாழ்க்கை சமநிலைக்கு ஒரு பயிலரங்கம்.

நான் கடைசியாகக் கலந்துகொண்ட பயிலரங்கம் மாலை ஆறு மணிக்கு வைக்கப்பட்டது. வேலை நேரத்தில் வைத்தால் வேலை கெட்டுவிடுமாம். மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர் பொறுமைசாலி, அக்கறையாகத்தான் பேசினார். 'இல்லை' என்று சொல்லப் பழகுங்கள் என்றார். யாரிடம் சொல்வது, சொன்னால் அப்ரைசலில் என்ன எழுதுவார்கள் என்பது அவர் பாடத்திட்டத்தில் இல்லை. பாதிப்பேர் கேமராவை அணைத்துவிட்டு இன்னொரு ஜன்னலில் வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சமநிலை என்பதை ஊழியர் வீட்டில் செய்துகொள்ள வேண்டிய பயிற்சியாக மாற்றிவிட்டீர்கள். அதைத் தீர்மானிக்கும் இரண்டு எண்கள், அதாவது எவ்வளவு வேலை, எத்தனை பேர் என்பவை, இரண்டுமே உங்கள் கையில் இருக்கின்றன.

முதலில் எண்ணுவதிலிருந்து தொடங்குவோம். ஸ்பெயினில் ஒரு தொழிற்சங்கம் ஒரு வங்கியின்மீது தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே 14 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு ஊழியரும் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார் என்பதை அளக்க, நம்பத்தகுந்த ஒரு முறையை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். காரணம் எளிமையானது. ஐரோப்பியச் சட்டப்படி வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேர ஓய்வு இருக்க வேண்டும். மொத்தம் எத்தனை மணி நேரம் என்றே தெரியாதபோது எல்லை மீறப்பட்டதா என்று யாரால் சொல்ல முடியும்? மிகைநேரம் பார்த்ததாக ஊழியர் எதைக் காட்டி நிரூபிப்பார்?

எண்ணுங்கள் என்று சொன்னதும் சில நிறுவனங்கள் வேறொரு கடைக்குப் போய்விடுகின்றன. மவுஸ் அசைகிறதா, எத்தனை முறை விசைகள் தட்டப்பட்டன, இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எத்தனை நிமிடம் எரிந்தது என்று பார்க்கும் மென்பொருளை வாங்குகின்றன. பதிலுக்கு ஊழியர்கள் மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கருவியை வாங்குகிறார்கள். இரண்டு பக்கமும் காசு செலவழித்து ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளும் இந்த விளையாட்டை நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற இரண்டு நேரங்கள். அதை எழுதுபவர் உண்மையை எழுதினால் அவருக்குக் கேடு வராது என்ற உறுதி. சனிக்கிழமைக்கு ஒரு கட்டம். 8-க்கு மேல் போட்டால் அந்தச் சிவப்பு எச்சரிக்கை ஊழியருக்கு வராமல் அவருடைய மேலாளருக்குப் போகும்படி மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

இதைச் செய்ய ஏன் தயக்கம் என்று எனக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரரின் ஒன்பதாவது மணி நேரத்துக்கு நிறுவனம் எதுவும் கொடுப்பதில்லை. இலவசமாகக் கிடைப்பதை யாரும் சிக்கனமாகச் செலவழிக்க மாட்டார்கள். பத்துப்பேரை ஒரு மணி நேர மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் பத்து மணி நேரம் போகிறது, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதே பத்து மணி நேரச் சம்பளத்துக்கு ஈடான பொருள் ஒன்றை வாங்க வேண்டுமென்றால் மூன்று கையெழுத்து வேண்டும். ஒரு ஆளைப் புதிதாக எடுத்தால் காப்பீடு, கணினி, இருக்கை என்று தலைக்கு இவ்வளவு என்ற செலவு உண்டு. இருக்கிற ஆளைக் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காரவைக்க எந்தச் செலவும் இல்லை. கணக்கு இப்படி இருக்கும்வரை, நல்ல மனசுள்ள மேலாளர்கூட ஆறு பேர் வேலைக்கு நாலு பேரைத்தான் போடுவார். ஆகவே மேலாளர்களைத் திட்டி இந்த மடலை நிரப்பப் போவதில்லை. நானும் அந்த வரிசையில்தான் இருக்கிறேன்.

நேரத்தைக் குறைத்தால் தொழிலே படுத்துவிடும் என்ற பேச்சுக்கு வயது கிட்டத்தட்ட இருநூறு. 1837-இல் நசாவ் சீனியர் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் பருத்தி ஆலைகளின் கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒரு நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் நிகர லாபமே வருகிறது, அதை வெட்டினால் ஆலைகள் மூடப்படும் என்று வாதிட்டார். பத்தே ஆண்டுகளில், 1847-இல், நெசவாலைகளில் பெண்களுக்கும் சிறுவயதினருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம்தான் என்று பிரிட்டன் சட்டம் போட்டது. ஆலைகள் மூடப்படவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தத் தொழில் இன்னும் பெரிதாக வளர்ந்தது. இன்றைக்கும் பட்ஜெட் கூட்டத்தில் யாராவது ஒருவர் சீனியரின் கடைசி மணி நேரத்தைப் புதுப்பெயரில் கொண்டுவரத்தான் செய்கிறார்.

நாம் இயற்கை விதி போல ஏற்றுக்கொண்டிருக்கும் எட்டு மணி நேரமும் யாரோ கேட்டு வாங்கியதுதான். ராபர்ட் ஓவன் என்ற ஆலை முதலாளி 1817-இலேயே எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்று பேசினார். 1856 ஏப்ரல் 21 அன்று மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டுமானத்தில் இருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். கூலி குறையாமல் எட்டு மணி நேர நாளைப் பெற்றார்கள். 1886 மே மாதம் சிகாகோவில் அதே எட்டு மணி நேரம் கேட்டு நடந்த, மே தினத்துக்கு வித்திட்ட போராட்டம் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கப்பட்டபோது அது இயற்றிய முதல் உடன்படிக்கையே ஆலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான். 1926-இல் ஃபோர்டு நிறுவனம் தன் ஆலைகளில் ஐந்து நாள், 40 மணி நேர வாரத்தைக் கொண்டுவந்தது. 1935-இல் அதே சர்வதேச அமைப்பு 40 மணி நேர வாரத்துக்கு ஒரு உடன்படிக்கை போட்டது.

இப்போது 1935-ஐயும் இன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் கணினி வந்தது, இணையம் வந்தது, ஒரு நாள் முழுக்கச் செய்த கணக்கை நொடியில் முடிக்கும் கருவிகள் வந்தன, இப்போது எழுதித்தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. காகிதத்தில் அதே 40. நிஜத்தில் அதற்கும் மேல். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930-இல் இன்னும் நூறு ஆண்டில் மனிதர்கள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்று எதிர்பார்த்தார். அந்தக் கெடு முடிய அதிக ஆண்டுகள் இல்லை. செல்வம் பெருகும் என்று அவர் போட்ட கணக்கு பெரிதாகத் தப்பவில்லை. மிச்சமான நேரம் ஊழியரிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதிக நேரம் உட்கார்ந்தால் அதிக வேலை முடியும் என்பதும் ஓரளவுக்குத்தான் உண்மை. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் பதிவேடுகளை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் பென்கவேல் எடுத்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார். வாரத்துக்கு 49 மணி நேரம் வாக்கில் வரைக்கும் நேரத்துக்கேற்ப உற்பத்தி ஏறுகிறது. அதற்குப் பிறகு ஏற்றம் மந்தமாகிறது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்ததற்கும் 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பதினான்கு மணி நேரமும் அப்படியே காற்றில் போயிற்று. ஒரே மாதிரிப் பாகங்களைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையிலேயே இந்தக் கதி என்றால், யோசித்துச் செய்ய வேண்டிய வேலையில் என்ன ஆகும் என்று நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

என் துறையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். இரவு ஒன்றரைக்கு எழுதிய நிரல் அன்றைக்கு ஓடும். அதில் உள்ள பிழை மூன்று வாரம் கழித்து வேறொருவர் தலையில் விழும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் டைம்ஷீட்டில் வேறொரு திட்டத்தின் பெயரில் ஏறும். இரவு உட்கார்ந்தவருக்குப் பாராட்டு மின்னஞ்சல் போயிருக்கும், பிழையைத் தேடியவர் கெடுவைத் தவறவிட்டவராவார். இரண்டையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதற்குச் சமமாகக் குறைகிறது என்று டாசன், ரீடு என்ற ஆய்வாளர்கள் 1997-இல் சோதித்துக் காட்டினார்கள். பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். வாடிக்கையாளரின் தரவுத்தளத்தில் கைவைக்க மட்டும் யாரும் தடை சொல்வதில்லை.

உடம்பைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை; பயமுறுத்துவதால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுப் போகிறேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதயநோயாலும் 2016-ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். 55 என்பது ஏதோ தொலைவில் இருக்கும் எண் இல்லை. ஐந்து நாளும் காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டரை வரை மடிக்கணினி திறந்திருந்தால் 55 வந்துவிடும். எங்கள் தொழிலில் அதற்குச் சாதாரண வாரம் என்று பெயர்.

குறைத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஐஸ்லாந்தில் 2015-க்கும் 2019-க்கும் இடையே சுமார் 2,500 அரசு, நகராட்சி ஊழியர்களுக்கு வார வேலை நேரம் 40-இலிருந்து 35, 36 மணியாகக் குறைக்கப்பட்டது, சம்பளம் குறையவில்லை. வேலையின் அளவும் தரமும் பெரும்பாலான இடங்களில் அப்படியே நின்றன அல்லது மேம்பட்டன. அதன்பின் தொழிற்சங்கங்கள் பேசி அந்த உரிமையை நாட்டின் பெரும்பாலான ஊழியர்களுக்குக் கொண்டுபோனார்கள். இதை நான்கு நாள் வாரம் என்று தலைப்புப் போட்டுப் பரப்பியவர்கள் ஏராளம். உண்மையில் குறைந்தது மணிநேரம்தான். நாளைக் குறைப்பதா, தினமும் சீக்கிரம் கிளம்புவதா என்பதை இடத்துக்கு இடம் தீர்மானித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை 61 நிறுவனங்கள், சுமார் 2,900 ஊழியர்கள், சம்பளம் குறையாமல் நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். முடிவில் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 57 சதவீதம் குறைந்தது. ஆள் போனால் புது ஆளைத் தேடி, எடுத்து, பழக்க எவ்வளவு ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்தச் சோதனைகளில் சேர்ந்தவை தாமாக முன்வந்த நிறுவனங்கள். ஏற்கெனவே இதில் நம்பிக்கை உள்ளவர்கள்தான் முன்வருவார்கள் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே, என்ன பலன் கிடைத்தது என்பதைவிட எதை மாற்றினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜப்பானில் மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் ஐந்து வெள்ளிக்கிழமைகளுக்கு விடுமுறை விட்டது. ஓர் ஊழியருக்கான விற்பனை முந்தைய ஆகஸ்டைவிடச் சுமார் 40 சதவீதம் ஏறியது என்று எல்லோரும் எழுதினார்கள். ஒரு மாதக் கணக்கை வைத்து நான் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன். அதே மாதத்தில் மீட்டிங் அரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும், ஐந்து பேருக்கு மேல் கூப்பிட வேண்டாம் என்றும் அங்கே சொல்லப்பட்டது. விடுமுறையை அறிவித்தவர்களே விடுமுறைக்கு இடம் பண்ணியும் கொடுத்தார்கள். ஐஸ்லாந்திலும் அப்படித்தான்: கூட்டங்கள் குறைந்தன, பணிகளின் வரிசை மாறியது, தேவையற்ற வேலைகள் கைவிடப்பட்டன.

அதைச் செய்யாமல் நேரத்தை மட்டும் வெட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வேலையைப் பங்குபோட வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். வெள்ளி மதியம் விடுமுறை என்று அறிவிப்பு வரும். வெள்ளிக்கான டார்கெட் அப்படியே இருக்கும். வியாழன் இரவு நீளும். திங்கள் காலை எல்லோரும், அந்த மதியத்தில் யாருக்கும் தெரியாமல் தான் எதை முடித்தேன் என்று காட்டிக்கொள்வார்கள். இன்னொரு வகை, பத்து மணி நேரம் வீதம் நான்கு நாள். பெல்ஜியம் 2022-இல் கொண்டுவந்த முறை அப்படிப்பட்டது. ஊழியர் விரும்பினால் அதே வார நேரத்தை நான்கு நாளில் அடைத்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து பயணம் செய்பவர்களுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதை வேலை நேரக் குறைப்பு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பெரிய தலையணையைச் சின்ன உறைக்குள் திணித்தால் பஞ்சு குறைந்துவிடாது.

எங்களுக்கு நேரம் குறைந்தால் அந்தச் சுமை யார்மீது விழும் என்ற கேள்வியும் இருக்கிறது. மேசை வேலையில் வீண் நேரம் நிறைய உண்டு, மீட்டிங்கை வெட்டியே ஐந்து மணி நேரம் மிச்சம் பிடிக்கலாம். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் செவிலியருக்கும், வாசலில் நிற்கும் காவலருக்கும், ஓட்டுநருக்கும் வெட்ட என்ன மீட்டிங் இருக்கிறது? ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் 2015 தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டு, உதவிச் செவிலியர்களுக்கு எட்டு மணி நேரத்தை ஆறாக்கிப் பார்த்தார்கள், சம்பளம் குறையாமல். நோய்விடுப்பு குறைந்தது, முதியவர்களோடு செலவழிக்க நேரம் கிடைத்தது. ஆனால் விட்டுப்போன மணிநேரங்களை நிரப்பப் புதிதாக 17 பேரை எடுக்க வேண்டியிருந்தது. செலவைக் காரணம் காட்டி நகராட்சி அதை நீட்டிக்கவில்லை. இதைத் தோல்வி என்று எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 17 பேரின் வேலையை அதுவரை இருந்தவர்கள் தங்கள் இடுப்பாலும் முதுகாலும் ஈடுகட்டிவந்தார்கள் என்பதுதான் அங்கே வெளியே வந்தது. செலவு முன்பும் இருந்தது, நகராட்சிக் கணக்கில் ஏறவில்லை. மேசை ஊழியர்களுக்கு வெள்ளி மதியத்தைக் கொடுத்துவிட்டு, அதே கட்டடத்தில் துப்புரவு பார்ப்பவரையும் காவலரையும் ஒப்பந்தக்காரர் பொறுப்பில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் விட்டுவைத்தால், அதை நல்ல செய்தியாக வெளியிட என் பெயரைப் பயன்படுத்த வேண்டாம்.

வேலை நேரம் முடிந்த பிறகு வரும் செய்திகளுக்கு வருவோம். "ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்கும் செய்தியை இரவு ஒன்பதே முக்காலுக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சின்னதாக இருக்காது. பதில் எழுதவே இரண்டு நிமிடம்தான். அதற்குப் பிறகு மனது அதிலேயே சுற்றும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போர்ச்சுகல் 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போனது: அவசரம் தவிர, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து, நேரம் கடந்து வரும் அழைப்பை, அப்படி விடுவது நியாயமற்றதாக இல்லாதவரை, ஊழியர் கண்டுகொள்ளாமல் விடலாம். மூன்றில் எனக்குப் பிடித்தது போர்ச்சுகலின் வழி. எடுக்காமல் இருக்கும் உரிமையை எனக்குக் கொடுத்தால், எடுக்காதவர் என்ற பெயரும் எனக்குத்தான் வரும். கூப்பிடாமல் இருக்கும் பொறுப்பு கூப்பிடுபவருடையதாக இருக்கட்டும்.

இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் 2011-லேயே ஊழியர் பிரதிநிதிகளோடு ஒப்பந்தம் போட்டு, ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பகுதி ஊழியர்களின் அலுவலகக் கைபேசிக்கு மின்னஞ்சல் போகாதபடி சர்வரை அமைத்தது. மறுநாள் ஷிஃப்ட் தொடங்க அரை மணி நேரம் முன்புதான் அது திரும்பத் திறக்கும். யாரும் யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. என் குழுவில் உள்ள எவரைக் கேட்டாலும், அப்படி ஓர் அமைப்பை ஒரு மதியத்தில் போட்டுத் தந்துவிடுவார்.

மாலை ஆறு மணி மீட்டிங்கில் முதலில் காணாமல் போவது யார் என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? பெண்கள். உலக அளவில் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் 76.2 சதவீதத்தைச் செய்பவர்கள் அவர்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடம், ஆண்களுக்கு 1 மணி 23 நிமிடம். நீண்ட நேரம் இருப்பவரே ஈடுபாடு உள்ளவர் என்று அப்ரைசலில் எழுதப்படும் இடத்தில், வீட்டில் இன்னொருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஆள்தான் எப்போதும் ஜெயிப்பார். பெண்கள் ஏன் மேல்பதவிக்கு வருவதில்லை என்று தனியாக ஒரு குழு போட்டு ஆராய்கிறீர்கள். அந்தக் குழு எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று பாருங்கள்.

நேரம் குறைந்தால் ஊழியர்கள் அதை என்ன செய்வார்கள் என்று ஒரு மேலதிகாரி என்னிடம் நிஜமான கவலையோடு கேட்டிருக்கிறார். படுத்துத் தூங்கலாம். சும்மா இருக்கலாம். பயனுள்ளதாகச் செலவிடுவோம் என்று உறுதிமொழி கொடுத்து வாங்க வேண்டிய பொருளா அது? 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம், 24-ஆம் பிரிவில், ஓய்வையும் வேலை நேரத்துக்கு நியாயமான வரம்பையும் எல்லோருக்கும் உள்ள உரிமையாக வைத்திருக்கிறது. அதில் திறன் மேம்பாட்டுக்காக என்ற நிபந்தனை கிடையாது.

நான் கேட்பது ஒரே ஒரு பிரிவில் ஆறு மாதச் சோதனை. நட்சத்திரக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எப்போதும் கெடுவோடு மல்லுக்கட்டும், ஆட்கள் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு குழுவை எடுங்கள். வாரத்துக்கு 34 மணி நேரம் என்று வைத்து, திட்டத்தையும் அந்த 34-க்கே போடுங்கள். சம்பளத்தில் கைவைக்க வேண்டாம். சோதனை தொடங்கும் முன்பே அந்தக் குழுவின் பட்டியலிலிருந்து எந்தெந்த மீட்டிங், எந்தெந்த அறிக்கை நீக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பட்டியல் வரவில்லையென்றால் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். இரவு அழைப்புக்கு எழுந்தவருக்கு 11 மணி நேர ஓய்வு முடியும்வரை மறுநாள் வேலை இல்லை என்பதை விதியாக்குங்கள். அதே கட்டடத்தின் ஒப்பந்த ஊழியர்களில் ஒரு ஷிஃப்டையாவது இதில் சேருங்கள், அதற்கு ஆகும் கூடுதல் செலவை மறைக்காமல் எழுதுங்கள். பிழைகள், நோய்விடுப்பு, ராஜினாமா, வாடிக்கையாளர் புகார் ஆகிய நான்கையும் முன்னும் பின்னும் எண்ணுங்கள்.

ஆறு மாதம் கழித்துக் கணக்கு எனக்கு எதிராக வந்தாலும் வரட்டும், அதையும் முழுசாக வெளியிடுங்கள். ஆனால் எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் தொடக்கம், எதையெல்லாம் பட்டியலிலிருந்து நீக்குகிறீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். பயிலரங்க அழைப்பு போகும் அதே முகவரிப் பட்டியலுக்கு, உங்கள் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புங்கள், வேலை நேரத்திலேயே.

இப்படிக்கு,
ஒரு டீம் லீட்